கண் மேக்கப்பைக் கலைப்பது: எரியும் இமைகளோடு ஆறு வருடம்

பரதநாட்டிய மேடைக்குப் போடும் கண் மேக்கப் கனமானது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விழி ஓடுவது தெரிய வேண்டும். அதனால் மேலிமையில் தடித்த கோடு, கீழிமையில் இன்னொன்று, இரண்டும் காது பக்கமாக நீண்டு மீன்வால் போல முடியும். புருவத்துக்கும் கறுப்பு. வியர்வையில் வழியக் கூடாதென்று எல்லாமே வாட்டர்ப்ரூஃப். இதைப் போட்டுக்கொள்ள அரை மணி நேரம் அசையாமல் உட்காருவோம். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டே நிமிடத்தில் பரபரவென்று தேய்த்துக் கலைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன்.

2018 மார்கழி சீசனில் மூன்று வாரத்துக்குள் ஒன்பது நிகழ்ச்சி. ஆறாவது முடிந்த இரவில்தான் இடது இமை முதலில் எரிந்தது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தை பிறப்பதற்குள் இரண்டு இமைகளும் சிவந்து தடித்து, பூண்டுத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தன. கண்ணை மூடித் திறந்தாலே இழுக்கும். தெருமுனை மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். தடவிய மறுநாளே அற்புதமாகக் குறைந்தது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. இப்படி மூன்று வாரம் ஓடியது. அப்புறம் கண் டாக்டர் அந்த ட்யூபை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. இமையில் அதைத் தொடர்ந்து தடவினால் தோல் இன்னும் மெலிந்துபோகும், கண்ணின் அழுத்தம் ஏறும், புரை விழவும் வாய்ப்புண்டு என்றார். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுக்காத க்ரீமை இமையில் வைக்காதீர்கள்.

அவர் தோல் டாக்டரிடம் அனுப்பினார். தோல் டாக்டர் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்த்தார். "நெயில் பாலிஷ் போடுவீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. நகத்தில் இருப்பது பல சமயம் விரலைச் சுற்றி ஒன்றும் செய்யாதாம். அதே கையால் கண்ணைக் கசக்கும்போது இமையில் அலர்ஜியாக வெளிப்படுமாம். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவுதான், அதனால் வேறு எங்கும் தெரியாதது அங்கே தெரிந்துவிடும். நான் பாலிஷ் போடுவதில்லை, கை கால்களுக்குப் பூசும் சிவப்புச் சாயமான ஆல்தா மட்டும்தான். சரி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் எடுக்கலாம் என்றார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி 48 மணி நேரம் விட்டுவிடுவார்கள். முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. பங்குனி மாதத் திருச்சியில் அது பெரிய தவம். அந்த வாரம் வகுப்பில் உட்கார்ந்தபடி, தாளத்துக்குத் தட்டும் குச்சியான தட்டுக்கழி மட்டும் தட்டினேன்.

இரண்டு பொருள் சிவந்து தடித்தது. ஒன்று, வாசனைப் பொருள்களின் கலவை. இன்னொன்று மெத்தில்ஐசோதயசோலினோன், பொருள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பதப்படுத்தி. பெயரைக் கேட்டதும் ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து டான்ஸ் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு லேபிளாகப் படித்தபோதுதான் தெரிந்தது. கிரீன் ரூமில் கண் துடைக்க நான் வருடக் கணக்காக வைத்திருந்த குழந்தைகளுக்கான ஈரத்துணிப் பாக்கெட்டில் அது இருந்தது. ஐலைனரையும் மேக்கப் பெட்டியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி. குழந்தைக்கு என்று போட்டிருந்தால் மென்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். தோலில் தடவிக் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் இந்தப் பதப்படுத்தியைப் போடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017லேயே தடை செய்துவிட்டது. துடைத்துவிட்டு அப்படியே விடும் ஈரத்துணியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அதற்கப்புறம் இந்த ஆறு வருடத்தில் என்னென்ன பயன்படுத்தினேன், எது நின்றது என்று சொல்கிறேன்.

முதலில் தேங்காய் எண்ணெய். சின்ன வயதில் அம்மா அதைத்தான் தடவுவாள். நிகழ்ச்சி முடிந்து வேனில் தூங்கி வழியும் என்னை மடியில் சாய்த்து, "கண்ணைத் திறக்காதடி, செத்த நேரம் அப்படியே இரு" என்பாள். பலாப்பழம் அரிந்த கையில் ஒட்டும் பிசினை எண்ணெய் தடவித்தானே எடுக்கிறோம், வாட்டர்ப்ரூஃப் மையும் அப்படியே. அதில் இருப்பது மெழுகும் பிசின் மாதிரிப் படலமும். தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். அந்த வகையில் தேங்காய் எண்ணெயைக் குறை சொல்ல முடியாது, எரிந்துகொண்டிருந்த என் இமையில்கூட அது எரியவில்லை. ஆனால் உருகி ஓடும். கண்ணுக்குள் இறங்கினால் கண்ணீர்ப் படலத்தோடு கலந்து அரை மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். நான்கு மாதம் தொடர்ந்து பயன்படுத்தியதில் கண்ணுக்குக் கீழே கடுகளவு வெள்ளை முத்துகள் கிளம்பின. அந்தப் பிசுக்கைப் போக்க சோப்பு போட வேண்டியிருந்தது, எரிச்சல் சோப்பில்தான் வந்தது. நல்ல தோல் உள்ள பிள்ளைகளுக்கு இன்றும் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

மைசெல்லார் வாட்டர் அடுத்தது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தாலும் அதில் மிகக் குறைந்த அளவு சோப்புத்தன்மையுள்ள மூலக்கூறுகள் உருண்டை உருண்டையாகச் சேர்ந்து மிதக்கும். எண்ணெயை விரும்பும் வால் உள்ளே, தண்ணீரை விரும்பும் தலை வெளியே. அழுக்கைப் பார்த்தால் அந்த வால் பிடித்துக்கொள்ளும். நான் பயன்படுத்தியது பயோடெர்மா சென்சிபியோ, வாசனை சேர்க்காதது. வகுப்புக்குப் போடும் சாதாரண மைக்கு இது அருமை, மூன்று வருடமாக விடவில்லை. கழுவத் தேவையில்லை என்று எழுதியிருந்தாலும் நான் கழுவிவிடுவேன். கழுவாமல் விட்ட இரவுகளில் விடியும்போது இமை ஓரம் இறுகி இழுத்தது. மேடை மைக்கு மட்டும் இது போதாது. ஒரு கண்ணுக்கு ஐந்தாறு பஞ்சு ஆகும், நான்காவது பஞ்சிலேயே கை தன்னால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிடும். அந்தத் தேய்ப்புதான் வினை.

குலுக்கிப் பயன்படுத்தும் இரண்டடுக்குத் திரவம் ஒன்றையும் வாங்கினேன். மையை நொடியில் இளக்கியது உண்மை. ஆனால் லேபிளின் கடைசி வரியில் வாசனைப் பொருள் இருந்தது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் இரண்டு கண்ணும் வீங்கின. அந்த வகையே தப்பு என்று சொல்ல மாட்டேன், வாசனை இல்லாததும் கிடைக்கிறது. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மட்டும் கவனம் தேவை. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வேறொரு வாசனையைச் சேர்த்துவிட்டும் அப்படி எழுதுவார்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதுதான் நமக்கு வேண்டியது, அதோடு லேபிளில் பர்ஃபம் என்ற சொல்லும் இருக்கக் கூடாது.

கடைசியில் நின்றது எது என்றால், வாசனை சேர்க்காத வெறும் வாஸ்லைன். பெட்ரோலியம் ஜெல்லி. 2020லிருந்து மேடை மைக்கு வேறெதையும் நான் தொடவில்லை. பட்டியல் போட்டால் ஒரே ஒரு பொருள்தான் அதில் உண்டு, அதனால் அலர்ஜிக்கு மிகக் குறைந்த வாய்ப்பு. எண்ணெய் மாதிரி ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் தங்கினாலும் வறண்ட தோலுக்கு அதுவே காப்பு. குறையும் உண்டு. அள்ளிப் பூசினால் இமை முடிகளில் பசையாக அப்பிக்கொள்ளும், கண்ணுக்குள் போனால் இதுவும் மங்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைக் கழற்றி வைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

ஆனால் வாஸ்லைனைவிட எனக்கு உதவியது பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டதுதான். கைகளைக் கழுவிவிட்டு, பட்டாணி அளவு எடுத்து இரண்டு மோதிர விரல்களிலும் குழைப்பேன். கண்ணை மூடி, மேலிருந்து கீழாக, முடி வளரும் திசையிலேயே தொட்டுத் தொட்டு வைப்பேன். அப்புறம் கை மடியில். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், மெதுவான விளம்ப காலத்தில், நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று, மனசுக்குள் போடுவேன். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மணி பார்த்தால் பத்தாவது நொடியிலேயே விரல் துறுதுறுக்கும், தாளம் போட்டால் நடுவில் எழ மனம் வராது. நான்காவது முடியும்போது மை தானாகவே அடியிலிருந்து விட்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை இமைமேல் வைத்து இன்னும் இரண்டு ஆவர்த்தனம். பிறகு ஒரே இழுப்பு, கீழ்நோக்கி. துணியை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொன்று. மூன்றாவது தேவைப்பட்டால் துடைக்க மாட்டேன், திரும்ப வாஸ்லைன் வைத்துத் தாளம் போடுவேன். முடிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கறுப்புக்கு நனைத்த பஞ்சுக்குச்சி. இத்தனைக்கும் மொத்தமாக ஆவது ஏழு நிமிடம்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைப் பஞ்சு இமை ஓரத்தில் இழை இழையாக விட்டுவிட்டுப் போகும், ஒரு இழை கண்ணில் விழுந்தால் கசக்காமல் இருக்க முடியாது. அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டியை அம்மா உள்ளங்கை அகலத்துக்கு நாற்பது துண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல். ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு. வாசனைத் துணிசோப்பும் கம்ஃபோர்ட்டும் போடாமல் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, டப்பாவில் அடுக்கி வைப்பேன். இந்த நாற்பதில் முப்பத்தொன்று இன்னும் இருக்கிறது.

மேக்கப்பையும் மாற்றினேன். முன்பெல்லாம் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் கேட்டு வாங்குவேன், இப்போது எப்படிப் போகும் என்று கேட்கிறேன். ஏசி சபாவில் ஆடும்போது தண்ணீர் தொட்டுத் தீட்டும் கேக் ஐலைனர். நனைத்த துணிக்கே விட்டுவிடும். மாசியில் நாட்டியாஞ்சலிக்குக் கோயில் பிராகாரத்தில் ஆடும்போது அது தாங்காது, ஒருமுறை வர்ணத்தின் பாதியிலேயே கன்னத்துக்கு வந்துவிட்டது. அங்கே மட்டும் வாட்டர்ப்ரூஃப். இமையின் உள்விளிம்பில் மை தீட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். அந்த விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். மை அந்த வாய்களை அடைத்தால் கண் உறுத்தும், வறளும். முடிகளுக்கு வெளியே தீட்டினாலும் மேடையிலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை, வீடியோ போட்டுப் பார்த்துவிட்டேன். பொய் முடி ஒட்டுவதும் கிடையாது. பசையைவிட, அதைப் பிய்த்தெடுப்பதுதான் இமைக்கு ஆகாது.

இன்றைய நிலைமை: வருடத்தில் இரண்டு தடவை, பெரும்பாலும் பனிக்காலத்தில், இமை லேசாகச் சிவக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு இல்லாத களிம்பு ஒன்று இருக்கிறது. முதல் நான்கைந்து நாள் அதுவே சுரீரென்று எரியும், அப்புறம் அடங்கிவிடும். அந்த நாட்களில் வகுப்புக்கு மை இல்லாமல்தான் போகிறேன். ஆரம்பத்தில் வெறும் கண்ணோடு பிள்ளைகள் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. சிவப்போடு வலி, பார்வை மங்கல், சீழ், வெளிச்சம் பார்த்தால் கூசுவது இவற்றில் எது சேர்ந்தாலும் இந்தக் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

போன தை மாதம் என் மாணவி ஒருத்திக்கு அரங்கேற்றம். பதினொரு வயது, குளிர்ந்தால் முழங்கை மடிப்பெல்லாம் அரித்துச் சிவக்கும் உடம்பு. மங்களம் முடிந்து கிரீன் ரூமுக்குள் போனால், அவள் அம்மா ஈரத்துணிப் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார், வெளியே போட்டோவுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் என் டப்பாவைத் திறந்தேன். பிள்ளை நாற்காலியில் தலை சாய்த்து, சலங்கையைக்கூட அவிழ்க்காமல், இமைமேல் வாஸ்லைனோடு உட்கார்ந்தாள். தொடையில் வலது கை தாளம் போட்டது. வாசலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இன்னும் ஒரு ஆவர்த்தனம் இருக்கு மிஸ்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. துணியை எடுத்தபோது, தீட்டிய கோடு அப்படியே, மீன்வாலோடு, வேட்டித் துண்டில் பதிந்திருந்தது.