நோபிவாக் மிக்ஸோ-ஆர்எச்டி பிளஸ், ஃபிலாவாக் முயல் தடுப்பூசிங்க: இங்கிலாந்துல முயல் வளர்க்குறவங்களுக்கு என்னோட ரிவ்யூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன். இங்கிலாந்துல வீட்ல முயல் வெச்சிருக்கீங்கன்னா வருஷத்துக்கு ஒரு தடவ நோபிவாக் மிக்ஸோ-ஆர்எச்டி பிளஸ் ஊசி போட்டே ஆகணும், என் முயல் வீட்டுக்குள்ளயேதான் இருக்கு வெளிய விடறதே இல்லன்னாலும் போடணும். எங்க வீட்ல இருந்த மூணுல ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா போயிடுச்சு. அதே ஷெட்ல அதோட ஒட்டிக்கிட்டு படுத்திருந்த மத்த ரெண்டும் இன்னைக்கும் கொத்தமல்லி கட்டு பிரிக்கற சத்தம் கேட்டா ஓடி வருதுங்க, அந்த ரெண்டும் ஊசி போட்டது, போனது ஊசி போடாதது.

அத கொன்ன நோய் பேரு ராபிட் ஹெமரேஜிக் டிசீஸ், அதாவது முயலுக்கு வர ரத்தக்கசிவு நோய், சுருக்கமா ஆர்எச்டி. கலிசிவைரஸ் குடும்பத்த சேர்ந்த ஒரு வைரஸ். 1984ல சீனாவுல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் ஐரோப்பா முழுக்க பரவிச்சு, 2010ல பிரான்ஸ்ல இதோட ரெண்டாவது வகை வந்துச்சு, இப்ப இங்க பெரும்பாலும் பயப்பட வேண்டியது அந்த ரெண்டாவது வகைக்குதான். பழைய வகை ரொம்ப சின்ன குட்டிங்கள பெரும்பாலும் விட்டுடும், இது சில வார குட்டியையும் விடாது. வைரஸ் நேரா கல்லீரல போய் தாக்குது, ரத்தம் உள்ளுக்குள்ளயே உறையுது, அப்புறம் அங்கங்க கசியுது. சில முயலுக்கு காய்ச்சல், சாப்பிடாம ஒரு மூலைல உக்காந்திருக்கும், சிலதுக்கு எந்த அறிகுறியுமே இல்லாம நேத்து பெல்லெட் தீவனம் தின்ன முயல் இன்னைக்கு காலைல நீட்டி படுத்து கெடக்கும், மூக்குல லேசா ரத்தம் இருந்தா உண்டு, இல்லன்னா அதுவும் இல்ல. வந்துட்டா குணப்படுத்த மருந்து கிடையாது. மனுஷங்களுக்கோ நாய் பூனைக்கோ இது வராது, அந்த பயம் வேண்டாம்.

எங்க குட்டி சுண்டு அப்படித்தான் போனான். அவனுக்கு ஊசி போட வழக்கமா போற கிளினிக்ல முன்னாடியே நேரம் வாங்கியிருந்தோம், ஸ்டாக் இல்லன்னு தள்ளி வெச்சாங்க, திரும்ப கூப்ட்டா இன்னும் வரலன்னு மறுபடியும் தள்ளினாங்க, வேற கிளினிக்ல கிடைக்குமான்னு ஒரு வார்த்த அவங்களாவது சொல்லியிருக்கலாம். அந்த கோவம் எனக்கு இன்னும் போகல. மத்த ரெண்டு முயல் மல்லிக்கும் பட்டாணிக்கும் மட்டும் அந்த வருஷத்து நோபிவாக் போட்டு முடிச்சிருந்தோம்.

காலைல பாத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் நரி வந்து பயமுறுத்தியிருக்கும்னாரு, என் மனைவி வெயில்தான் காரணம்னு நெனச்சா. ரெண்டுமே நடக்கக்கூடியதுதான், முயல் திடீர்னு சாகறதுக்கு காரணம் நெறைய இருக்கு, குடல் அடைச்சுக்கறது, கல்லீரல்ல ஒரு பகுதி முறுக்கிக்கறது, இதய நோய், வெப்பம், கடுமையான பயம், இப்படி போயிட்டே இருக்கும். வெளிய இருந்து பாத்து எதுன்னு சொல்லவே முடியாது. அதனால இந்த ரிவ்யூல ஊசிக்கு சமமா நான் சிபாரிசு பண்றது போஸ்ட்மார்ட்டம். நாங்க வேற ஒரு வெட்டுக்கு (கால்நடை டாக்டர்) போன் போட்டோம், அந்த டாக்டர் அம்மா முதல்ல சொன்னது "தோட்டத்துல பொதைச்சிடாதீங்க, ரெண்டு பை போட்டு கட்டி குளிர்ச்சியா வெச்சு கொண்டு வாங்க, ஃப்ரீசர்ல மட்டும் வெக்காதீங்க". ஃப்ரீசர்ல வெச்சா திசு கெட்டுடும், சரியா பாக்க முடியாது, அதே சமயம் வைரஸுக்கு குளிர் ஒண்ணும் பண்ணாது. கல்லீரல்ல இருந்து சாம்பிள் எடுத்து பிசிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, ஆர்எச்டி ரெண்டாவது வகைன்னு உறுதியாச்சு. செத்த முயலுக்கு எதுக்கு காசுன்னு வீட்ல பெரியவங்க கேப்பாங்க, எங்க மாமனார் வீடியோ கால்லயே கேட்டாரு. அந்த காசு செத்ததுக்கு இல்ல மாமா, இருக்கற ரெண்டுக்குன்னு சொன்னேன், ஏன்னா காரணம் தெரிஞ்சாதான் மத்ததுக்கு என்ன செய்யணும்னே தெரியும். குடல் அடைச்சு செத்திருந்தா ஷெட்ட கழுவி எந்த புண்ணியமும் இல்ல, ஆர்எச்டின்னா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இப்ப ஊசிங்களுக்கு வரேன்.

நோபிவாக் மிக்ஸோ-ஆர்எச்டி பிளஸ் எம்எஸ்டி கம்பெனியோடது. உயிருள்ள, ஆனா வீரியம் கொறைச்ச மிக்ஸோமா வைரஸுக்குள்ள ஆர்எச்டியோட ரெண்டு வகைலருந்தும் ஒரு புரதத்துக்கான ஜீன வெச்சு செஞ்சிருக்காங்க, அதனால ஒரே ஊசில மிக்ஸோமடோசிஸ் (முயலுக்கு வர இன்னொரு வைரஸ் நோய்), ஆர்எச்டி ஒண்ணு, ஆர்எச்டி ரெண்டு மூணுக்கும் பாதுகாப்பு. 5 வாரக் குட்டிலருந்தே போடலாம், 3 வாரத்துல பாதுகாப்பு வரும், ஒரு வருஷம் நிக்கும். மிக்ஸோமடோசிஸ் 1953லயே இங்கிலாந்துக்கு வந்துடுச்சு, கொசுவும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பரப்புது, கண்ணெல்லாம் வீங்கி நாள் கணக்கா அவஸ்தப்பட்டு சாகும், அதுக்கும் சேத்து ஒரே ஊசிங்கறது பெரிய விஷயம். தோலுக்கு அடில போடறாங்க, ரெண்டும் சிணுங்கக்கூட இல்ல. போட்ட எடத்துல சின்னதா ஒரு வீக்கம் வரலாம், லேசா காய்ச்சல் அடிக்கலாம்னு மருந்து குறிப்புலயே போட்ருக்கு. பட்டாணிக்கு ஒரு பட்டாணி அளவுக்குத்தான் வந்துச்சு, தானா போயிடுச்சு.

ஒரு விஷயம் மட்டும் கவனமா பாருங்க. இதே பேர்ல முன்னாடி வந்த பழைய நோபிவாக்ல ஆர்எச்டி ரெண்டாவது வகை கிடையாது, பிளஸ்னு இருக்கறதுலதான் அது சேத்தி. ரெஸ்க்யூல (கைவிடப்பட்ட முயல்கள பாத்துக்கற எடம்) இருந்து பெரிய முயல் எடுத்திருந்தீங்கன்னா அதோட கார்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, அப்புறம் அந்த முயலுக்கு முன்னாடி வேற மிக்ஸோ வேக்ஸின் போட்டிருந்தாலோ மிக்ஸோமடோசிஸ் வந்து பொழச்சிருந்தாலோ இந்த ஊசில இருந்து ஆர்எச்டிக்கான எதிர்ப்பு சரியா உருவாகாம போகலாம்னு கம்பெனியே சொல்லுது. பின்னணி தெரியாத முயல்னா வெட் கிட்ட இத சொல்லியே ஆகணும், அவங்களே கேப்பாங்கன்னு விட்டுடாதீங்க.

ஃபிலாவாக் பிரெஞ்சு கம்பெனியோடது. இது செத்த வைரஸ் வேக்ஸின், ஆர்எச்டி ரெண்டு வகைக்கும் மட்டும்தான், மிக்ஸோமடோசிஸுக்கு இல்ல, அதனால நோபிவாக்குக்கு பதிலா இத போட்டா போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 10 வாரத்துக்கு மேல போடணும். இதோட பெரிய பலம் 7 நாள்ல பாதுகாப்பு வந்துடுது. பக்கத்துல எங்கயாவது நோய் வந்திருக்குன்னு தெரிஞ்சா மூணு வாரம் காத்துட்டு இருக்கறதுக்கும் ஒரு வாரம் காத்துட்டு இருக்கறதுக்கும் நடுவுல உயிர் இருக்கு. சுண்டு போனதும் டாக்டர் மல்லிக்கும் பட்டாணிக்கும் ஃபிலாவாக்கும் சேத்து போட்டாங்க, ஏற்கனவே நோபிவாக் போட்டு மாசங்கள் ஆயிருந்ததால இடைவெளி பிரச்சன இல்ல. ரெண்டையும் புதுசா போடறதா இருந்தா நடுவுல 2 வாரம் விட சொல்றாங்க. இதுல ஒரு உண்மைய ஒளிக்காம சொல்லணும், வைரஸ் ஏற்கனவே உள்ள போயிருந்தா அதுக்கப்புறம் போடற ஊசி காப்பாத்தும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. எங்க ரெண்டயும் காப்பாத்தினது முன்னாடியே உடம்புல இருந்த நோபிவாக்தான்னு டாக்டரும் சொன்னாங்க, ஃபிலாவாக் அதுக்கு மேல ஒரு பூட்டு.

ஊசி போட்டாச்சுன்னு உக்காந்துட முடியல, ஷெட்ட கழுவறது பெரிய வேலை. இந்த வைரஸ் வெளில மாசக்கணக்குல உயிரோட இருக்கும், துணில காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தாலும் மூணு மாசத்துக்கு மேல தாங்கும்னு சொல்றாங்க. காட்டு முயல் நேர்ல வந்து மூக்கோட மூக்கு உரசணும்னு இல்ல, நம்ம ஷூல வரும், ஹேல (காஞ்ச புல்லு) வரும், ஈ கால்ல வரும், பறவை எச்சத்துல வரும். அதனாலதான் நாலாவது மாடி ஃப்ளாட்ல இருக்கற முயலுக்கும் ஊசி போடுங்கன்னு கத்தறேன். கடைல கிடைக்கற வாசனையான பெட் டிஸ்இன்ஃபெக்டன்ட் பலது இந்த வைரஸ்கிட்ட வேலைக்கு ஆகாது, அதுல நெறைய குவாட்டர்னரி அமோனியம் வகை. நாங்க விர்கான்ங்கற கிருமிநாசினி வாங்கினோம், அது வேலை செய்யும், இல்லன்னா ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்போது பங்கு தண்ணி. முதல்ல புழுக்கையும் ஹேயும் மண்ணும் சுத்தமா தேச்சு எடுத்துடணும், அழுக்கு மேல ஊத்தினா மருந்து வீண், ஊத்தி குறைஞ்சது பத்து நிமிஷம் ஈரமாவே விடணும், அப்புறம் நல்லா அலசி காயவெச்சு முயல விடணும். மரத்துல செஞ்ச பழைய ஹட்ச்ச (முயல் கூண்டு) எவ்ளோ தேச்சாலும் இடுக்குல தங்கும்னு தூக்கி போட்டுட்டோம். மிச்சம் இருந்த ஹே, அட்டப்பெட்டி, துணி பொம்மை எல்லாத்தையும் பை கட்டி தூக்கிப்போட்டோம். ஷெட்டுக்குன்னு தனி செருப்பு, ஜன்னலுக்கு கொசுவலை, தோட்டத்துக்கு வெளிய இருந்து டேன்டலியன் செடி பறிச்சிட்டு வந்து போடறது நிறுத்தியாச்சு. புது முயல் எடுக்கற பேச்சே இப்ப இல்ல, எப்ப எடுத்தாலும் ஊசி போட்டு அதுக்கான நாள் முடிஞ்சப்புறம்தான் வீட்டுக்குள்ள வரும்.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது ஒரு விஷயம். துணை செத்துப்போனா மிச்ச முயலுக்கு உடம்ப கொஞ்ச நேரம் காட்டணும், இல்லன்னா தேடிக்கிட்டே இருக்கும்னு சொல்லுவாங்க. தொத்து நோய்ன்னு சந்தேகம் இருக்கும்போது காட்டலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். ஒரே ஷெட்ல ஒண்ணா படுத்ததுங்க ஏற்கனவே வைரஸ்கூடதான் இருந்திருக்கு, அதுங்க காலைல மோந்து பாத்ததால புதுசா எதுவும் வந்துடாது, ஆனா வேற கூண்டுல வேற முயல் இருந்தா அதுகிட்ட கொண்டு போகவே கூடாதுன்னு சொன்னாங்க. மல்லி சுண்டுவோட காத நக்கிட்டே இருந்தா. என் பொண்ணு அத பாத்து அழுதா, நான் தடுக்கல.

அதுக்கப்புறம் மல்லி சரியா சாப்பிடல. துக்கத்துல சாப்பிடாம விட்டாலும் முயலுக்கு குடல் நின்னு போயிடும், அரை நாள் எதுவும் தின்னல, புழுக்கையும் போடலன்னா அது எமர்ஜென்சி, மறுநாள் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. ஆர்எச்டி அறிகுறியும் சாப்பிடாம இருக்கறதுதான்ங்கறதால எங்களுக்கு ரெட்டை பயம், தெர்மாமீட்டர் வாங்கி காய்ச்சல் பாத்துட்டே இருந்தோம், புழுக்க அளவ பாத்தோம். பட்டாணி பக்கத்துலயே இருந்ததுதான் அவள மீட்டுச்சுன்னு நெனக்கறேன், ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வெக்காதீங்கன்னு டாக்டர் சொன்னது எவ்ளோ சரி.

சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு, அங்கயும் 2020ல ஆர்எச்டி முதல் தடவ வந்துச்சு, உங்க வெட் கிட்ட வேக்ஸின் பத்தி கேளுங்க. ஆஸ்திரேலியால நெலம வேற, மிக்ஸோமடோசிஸுக்கு அங்க வேக்ஸினே அனுமதி இல்ல, காட்டு முயல் தொல்லைய கொறைக்க 2017ல ஆர்எச்டியோட ஒரு ரகத்த அரசாங்கமே வெளிய விட்டாங்க, அதனால அங்க முயல் வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

ரேட்டிங்: நோபிவாக் பிளஸ்க்கு அஞ்சுக்கு அஞ்சு. ஃபிலாவாக்குக்கு நாலு, மருந்துல குறை இல்ல, மிக்ஸோ சேராததால தனியா இன்னொரு ஊசி செலவு ஆகுது, எல்லா கிளினிக்லயும் கைவசம் வெச்சிருக்கவும் மாட்டாங்க. விலை கிளினிக்குக்கு கிளினிக் மாறும், ரெண்டு மூணு எடத்துல போன் போட்டு கேளுங்க, கேக்கும்போதே இன்னைக்கு ஸ்டாக் இருக்கான்னும் கேளுங்க, இல்லன்னு சொன்னா அன்னைக்கே அடுத்த கிளினிக்க கூப்டுங்க.