க்ரீஸ்வீசல் போர்டு: ஃப்ளாப்பி டிரைவ் பழுது பார்ப்பவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஒன்று

பழைய 486 கம்ப்யூட்டரில் டிஸ்கைப் போட்டு, ஃபைல் பட்டியலைக் கேட்கும் டிஐஆர் என்ற கட்டளையை அடித்தால் "ஜெனரல் ஃபெயிலியர் ரீடிங் டிரைவ் ஏ" என்று வந்து நிற்கும். அபார்ட், ரீட்ரை, ஃபெயில் மூன்றில் எதை அழுத்தினாலும் கோளாறு எங்கே என்று மட்டும் தெரியாது. டிஸ்க் போயிருக்கலாம், டிரைவ் போயிருக்கலாம், கேபிளாக இருக்கலாம், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பாகவும் இருக்கலாம், அந்தக் கம்ப்யூட்டரின் இயங்குதளமான டாஸ் பல நேரம் எல்லாவற்றுக்கும் இதே ஒரு வரியைத்தான் காட்டும். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்தது க்ரீஸ்வீசல்.

கீர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கிய திறந்த மூலத் திட்டம் இது. ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் ஃப்ளாப்பி டிரைவின் 34 பின் கேபிள், நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு போர்டு, அவ்வளவுதான். நான் வைத்திருப்பது நான்காம் பதிப்பு. 3.5 இன்ச் டிரைவுக்கு வேண்டிய 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக் கொடுக்க அதிலேயே ஒரு பவர் கனெக்டர் இருக்கிறது. 5.25 இன்ச் டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் அதற்குத் தனி பவர் சப்ளை கட்டாயம். பெரும்பாலோர் இதைப் பழைய டிஸ்குகளைப் படியெடுக்கத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதைவிட இது ஒரு சோதனைக் கருவியாகத்தான் அதிகம் பயன்பட்டது.

டிரைவைக் கழற்றி மேஜையில் வைத்து, நேரான கேபிளில் போர்டோடு இணைத்தேன். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிசி கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் முறுக்கி இருக்கும், அந்த முறுக்கு தாண்டி இருப்பதுதான் ஏ டிரைவ். முறுக்கு இல்லாத கேபிளில் அதே டிரைவ் பி ஆகிவிடும். கமாண்டில் டிரைவ் பி என்று சேர்த்துக் கொடுக்காவிட்டால் மோட்டார் அசையவே அசையாது, டிரைவ் செத்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று. இன்னொன்று, பவர் கொடுத்ததும் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறீர்கள் என்று பொருள். சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் வர வேண்டும்.

சரி, கேபிள் ஒழுங்கானதும் ஆர்பிஎம் கமாண்டைக் கொடுத்தேன். மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளந்து சொல்வது அது. 3.5 இன்ச் டிரைவ் 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெகண்ட். பெல்ட் உள்ள பழைய டிரைவுகளில் ரப்பர் தளர்ந்து வேகம் குறைந்திருந்தால் இந்த ஒரு எண்ணிலேயே பிடித்துவிடலாம். எனக்கோ டிஸ்கைப் படிக்கச் சொன்னதுமே "ட்ராக் ஜீரோ நாட் ஃபவுண்ட்" என்று வந்துவிட்டது. டாஸ் இத்தனை நாளும் சொல்லாததை ஒரே வரியில் சொன்னது இது. டிஸ்கில் தகவல் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும், ஒவ்வொரு வட்டமும் ஒரு ட்ராக். அதைப் படிக்கும் ஹெட், வெளி விளிம்பில் இருக்கும் ட்ராக் பூஜ்ஜியத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூடியைத் திறந்தால், ஹெட் நகரும் கம்பிகளில் இருந்த கிரீஸ் மெழுகு போல இறுகிக் கிடந்தது, விரலால் தள்ளினால்கூட ஹெட் முக்கி முக்கித்தான் நகர்ந்தது. பழையதை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் துளி தடவி, ஹெட்டை நகர்த்தும் திருகுத்தண்டைக் கையால் இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டதும் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. ட்ராக் பூஜ்ஜியம் கிடைத்தது, சுற்று 300ஐ ஒட்டி நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்தான். 1.44 எம்பி டிஸ்கில் 80 ட்ராக், இரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் 18 செக்டர் என்ற துண்டுகள், மொத்தம் 2880. படித்து முடித்ததும் இந்தப் போர்டின் மென்பொருள் அத்தனை செக்டரையும் ஒரு கட்டம் போலத் திரையில் விரிக்கும், நல்ல செக்டருக்குப் புள்ளி, கெட்டதற்கு எக்ஸ். என் டிரைவில் கீழ்ப்பக்கம் முழுக்கப் புள்ளி, மேல்பக்கம் முழுக்க எக்ஸ். அந்தப் படத்தைப் பார்த்த கணமே மேல் ஹெட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று புரிந்துவிட்டது. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தேன், முதல் குச்சி காப்பிப் பொடி நிறத்தில் வந்தது, மூன்றாவது குச்சிதான் வெள்ளையாக வந்தது. தயவு செய்து மேல் ஹெட்டைப் பெரிதாகத் தூக்காதீர்கள், அதைத் தாங்கும் தகடு காகிதம் போல மெல்லியது, வளைந்தால் டிரைவ் போனது போனதுதான். துடைத்த பிறகு 2880க்கு 2880. வேறொரு டிஸ்கில் நடுவில் சில ட்ராக்கில் மட்டும் திட்டாக எக்ஸ் வந்தது. ஷட்டரை விலக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதே இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. அது டிஸ்கின் குறை, டிரைவின் மேல் பழி இல்லை.

அப்புறம் டிரைவைக் கம்ப்யூட்டரில் திரும்ப மாட்டினேன். படித்தது, ஆனால் டிஸ்கை மாற்றினாலும் முந்தைய டிஸ்கின் ஃபைல் பட்டியலையே காட்டியது. டிஸ்க் மாறிவிட்டது என்று சொல்லும் 34ஆம் கம்பியிலிருந்து தகவல் வராவிட்டால் இப்படித்தான் ஆகும், அந்த நிலையில் எதையாவது எழுதினால் புது டிஸ்கே நாசம். போர்டில் டிரைவ் சுத்தமாகப் படித்ததால் என் சந்தேகம் நேராகக் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று. அதன் பழைய கேபிளில், சிவப்புக் கோட்டுக்கு எதிர் ஓரக் கம்பி கனெக்டரின் வாயிலேயே அறுந்திருந்தது. கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. இதன் மென்பொருள் முழுக்கக் கமாண்ட் லைன்தான், பட்டன்களைத் தேடுபவர்களுக்கு முதலில் கைவராது. ஹெட் அலைன்மென்ட், அதாவது ஹெட் ட்ராக்கின் நேர் மேலே நிற்பது, விலகியிருக்கிறதா என்பதையும் இது எல்லா நேரமும் நேரடியாகச் சொல்லிவிடாது, ஏனென்றால் விலகிய டிரைவ் தான் எழுதிய டிஸ்கைத் தானே நன்றாகப் படித்துவிடும். அதைச் சோதிக்க நல்ல டிரைவில் எழுதிய டிஸ்க் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை மட்டும் அலைன்மென்ட் டிஸ்கும் ஆசிலோஸ்கோப்பும் இல்லாமல் தொட வேண்டாம்.

டிரைவ் போலவே நடித்து யூஎஸ்பி பென் டிரைவிலிருந்து படிக்கும் கோடெக் போன்ற எமுலேட்டரை வாங்கி டிரைவையே மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் ஓடினால் போதும் என்றால் அது நல்ல வழிதான், ஆனால் பெட்டியில் இருக்கும் பழைய டிஸ்குகளை அது படிக்காது. சோனியே 2011இல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது, இனி இருக்கிற டிரைவைப் பிழைக்க வைப்பதுதான் ஒரே வழி. பழைய மிஷின் ஒன்றாவது வைத்திருப்பவர்கள் தயங்காமல் இந்தப் போர்டை வாங்கலாம். வாங்கியதும் முதலில் ஒரு வெற்று டிஸ்கில் சோதியுங்கள், அழுக்கான ஹெட் டிஸ்கின் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும், முக்கியமான டிஸ்கை ஹெட் துடைக்கும் வரை உள்ளே விடாதீர்கள்.