எப்போது பதிவு போட வேண்டும் என்று இன்ஸ்டாவே சொல்லும், ஓரளவுக்கு

பத்தமடைப் பாய் விற்கிற பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ், அதாவது நம் கணக்கின் புள்ளிவிவரம் காட்டுகிற பகுதி பற்றிக் கொஞ்சம். காசு கிடையாது, கணக்கை புரொஃபஷனலாக மாற்றினால் போதும். நம்மைப் பின்தொடர்கிறவர்கள் எந்தக் கிழமை, எந்த நேரம் அதிகமாக உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டிவிடும். எந்த ஊர்க்காரர்கள் என்பதும் அதிலேயே தெரியும், எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் இல்லாத தெருவே குறைவு. இங்கே இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள், சிங்கப்பூரில் 11.30, பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். சரி என்று பதிவு போடுகிற நேரத்தை 8 மணிக்கு மாற்றினேன், இப்போது இரண்டு பக்கமிருந்தும் விலை கேட்கிறார்கள். காலை 9 மணிதான் ராசி என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிற ஆட்களை நம்புவதற்கு இது எவ்வளவோ மேல். பதிவுக்கு 75 நாள் வரை முன்கூட்டியே நேரம் குறித்தும் வைக்கலாம்.

குறை என்றால், ஆள் உள்ளே இருக்கிற நேரத்தைத்தான் காட்டும், வாங்குகிற நேரத்தை அல்ல. அப்புறம் ரீல்ஸுக்கு இதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம், அது பின்தொடராதவர்களுக்கும் நாள் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.