ரிப்பேர் என்ற பெயரில் பாதுகாப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்

எங்கள் மிக்சர் மெஷினின் பேனலுக்குள், அதாவது கரண்ட் இணைப்புகள் இருக்கும் பெட்டிக்குள், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு டெர்மினல்களை இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நான் பணம் கட்டிய பில்லில் அந்த வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கண்ட்ரோல் போர்டு மாற்றம்" என்றுதான் இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் திடீர் திடீரென்று நின்றுவிடும். சில நாள் ஒழுங்காக ஓடும், சில நாள் மணிக்கு நாலு தடவை நிற்கும். வெளி ஆள் ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் மெயினை ஆஃப் செய்த கையோடு டிரைவின், அதாவது மோட்டாருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தி அனுப்பும் கருவியின், கவரைக் கழற்றினார். உள்ளே சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "ஆஃப் பண்ணியாச்சு சார், ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் தலையாட்டினேன். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும் டிரைவுக்குள் கெப்பாசிட்டர்கள் சுமார் 580 வோல்ட் டிசி வரை சார்ஜ் ஆகி நிற்கும். சப்ளையை நிறுத்தினாலும் அது உடனே இறங்காது. அதனால்தான் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். விளக்கு அணைந்தால் மட்டும் போதாது, மீட்டர் வைத்தும் பார்க்க வேண்டும். அதைப் படிக்காதவர் வேறு எதைப் படித்திருப்பார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மாலைக்குள் மெஷின் ஓடியது, பணத்தைக் கொடுத்தோம். இரண்டு வாரம் நிற்கவே இல்லை.

அப்புறம் ஒரு மதியம் நின்றது. உள்ளே ஒட்டிய சரக்கைத் தள்ளிவிட ஆபரேட்டர் கதவைத் திறந்தார். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த விதி. நல்லவேளை, கையை விடவில்லை, எப்போதும் போல் மரக்கட்டையால்தான் தள்ளிக்கொண்டிருந்தார். யாரும் ஸ்டார்ட்டைத் தொடவில்லை. மெஷின் தானாகச் சுற்றியது. பிளேடு கட்டையை இழுத்து இரண்டாக ஒடித்தது. ஆள் பின்னால் விழுந்தாரே தவிர காயம் இல்லை. அவர் கையில் மிஞ்சியது ஒரு சாண் துண்டு.

அடுத்து வந்தவர் வேறு மாதிரி ஆள். மெஷினுக்கு வரும் கரண்டை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டு மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கரில் சொன்ன நேரம் வரை உட்கார்ந்திருந்தார். கரண்ட் உள்ள வேறொரு இடத்தில் மீட்டரை வைத்து அது காட்டுகிறதா என்று பார்த்தார், பிறகு டிரைவில் வைத்தார், மறுபடி பழைய இடத்திலேயே வைத்துப் பார்த்தார். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தானே காட்டும் என்றார்.

விஷயம் இதுதான். கதவு ஸ்விட்சின் கேபிள் கீல் பக்கம் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும் பீப்பில் மீட்டரை வைத்து, கேபிளை லேசாக வளைத்தால் சத்தம் நிற்கும், நிமிர்த்தினால் வரும். மெஷின் நின்று நின்று போனதற்குக் காரணம் அதுதான். கதவு மூடியிருக்கும்போது மட்டும் கரண்டை விடும் காண்டாக்ட்தான் அந்த ஸ்விட்சில் இருப்பது. வயர் அறுந்தாலும் கதவு திறந்ததாகவே எடுத்துக்கொண்டு மெஷின் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதாவது மெஷின் சரியாகத்தான் நின்றிருக்கிறது! முதல் ஆள் அந்த சிவப்பு வயரைப் போட்டு, கதவு என்றைக்கும் மூடியே இருப்பதாக மெஷினை நம்பவைத்துவிட்டார்.

அது போதாதென்று டிரைவின் செட்டிங்கில் ஆட்டோ ரீசெட்டையும் ஆன் செய்திருந்தார். ஃபேனில் தூசி அடைத்து டிரைவ் சூடாகி டிரிப் ஆகிறது, கொஞ்சம் ஆறியதும் தானே ரீசெட் ஆகிறது, ஓடச் சொல்லும் ரன் சிக்னல் அப்படியே இருப்பதால் மோட்டார் கிளம்பிவிடுகிறது. அன்று மதியம் நடந்தது இதுதான்.

"புது போர்டு" பழைய போர்டேதான். முதல் நாள் கவரைக் கழற்றியபோது ஆபரேட்டர் சும்மா போனில் ஒரு படம் எடுத்திருந்தார். அதில் உள்ள சீரியல் எண்ணும் இப்போது உள்ளே இருப்பதும் ஒன்று.

இனி யார் வந்தாலும் வேலைக்கு முன்னும் பின்னும் பேனலை உள்ளே படம் எடுத்துவிடுங்கள், டிரைவ் செட்டிங்கையும் சேர்த்து. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில்லில் கையெழுத்துப் போடும் முன், யாரும் பக்கத்தில் இல்லாதபோது ஓடும் மெஷினின் கதவைத் திறந்து பாருங்கள், நிற்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனை அழுத்துங்கள், நிற்க வேண்டும். பட்டனை விடுவித்த உடனே மெஷின் கிளம்பினால் கோளாறு. ஸ்டார்ட்டைத் தனியாக அழுத்தினால்தான் ஓட வேண்டும். மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 என்ற சர்வதேசத் தரமும் அதைத்தான் சொல்கிறது. ஐந்து நிமிட வேலை. நாங்கள் செய்யவில்லை.

முதல் ஆளைப் போனில் கேட்டபோது, "மெஷின் நிக்கவே கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். சொன்னேன்தான். வாயடைத்துப் போனது. ஆனால் மாற்றாத போர்டுக்குப் பணம் வாங்கச் சொல்லவில்லையே. இரண்டு படங்களையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று செய்தி போட்டாயிற்று. படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்திருக்கிறது.