மே சோட்: மோய் ஆற்றங்கரையில் ஒரு பர்மா டீக்கடை

காலை ஏழரைக்குள் போனால் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய பர்மா அரிசி சேமியா, கிடைக்கும். எட்டு மணிக்குப் போனால் பெரும்பாலும் அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, படமும் போடவில்லை, அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரன். பாங்காக்கில் ஒரு பையிங் ஆபீஸில் குவாலிட்டி பார்க்கும் வேலை. மே சோட்டில் தையல் தொழிற்சாலைகள் நிறைய இருக்கின்றன, அதில் தைக்கிறவர்கள் அநேகமாக எல்லாருமே ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பர்மாக்காரர்கள். 2023லிருந்து மாதம் ஒரு தடவையாவது அங்கே போய் வருகிறேன். பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கியதும் பசி. அப்படித்தான் இந்தக் கடை பழக்கமானது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் தாக் மாகாணத்தில் இருக்கிறது மே சோட். மோய் ஆறுதான் எல்லை. வடக்குப் பார்த்து ஓடி சால்வின் ஆற்றில் கலக்கிற ஆறு அது. கோடையில் பல இடங்களில் இறங்கி நடந்தே கடந்துவிடலாம், மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டு போகும். எதிர்க்கரையில் மியாவாடி, நம் கண்ணெதிரே, வீட்டு மாடியில் துணி காய்வதுகூடத் தெரியும். 1997ல் கட்டிய நட்புப் பாலம் ஒன்று, சரக்கு லாரிகளுக்காக 2019ல் திறந்த இரண்டாவது பாலம் ஒன்று. அந்தப் பக்கத்தில் கரேன் இன மக்கள் பர்மா ராணுவத்தை எதிர்த்து நடத்தும் போர் 1949லேயே ஆரம்பித்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அது மியாவாடி வாசலுக்கே வந்துவிட்டது. இந்தக் கரையில் செவன் லெவன் கடை, ஏசி, இட்லிக் குண்டான் அளவுக்கு ஐஸ் போட்ட காபி. அந்தக் கரையில் பீரங்கி. நடுவில் இருப்பது ஒரு சின்ன ஆறு, அவ்வளவுதான்.

சரி, கடைக்கு வருகிறேன். தகரக் கூரை, அடியில் பத்துப் பன்னிரண்டு குட்டை மேசை, முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளாஸ்க், அதில் பால் சேர்க்காத பச்சைத் தேநீர், காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக் குடிக்கலாம். பக்கத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் சின்னச் சின்ன கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கும். சர்வர் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார்கள். பர்மாவில் அதுதான் வழக்கம், மரியாதைக் குறைவு இல்லை. எனக்கு இன்னும் அது வரவில்லை, கையைத்தான் தூக்குகிறேன்.

டீ. நம் ஊர் பேக்கரி டீ குடித்து வளர்ந்த நாக்குக்கு முதல் மடக்கிலேயே வித்தியாசம் தெரியும். டிக்காஷனை அடுப்பிலேயே நெடுநேரம் வைத்துக் கறுக்க விட்டு, அடியில் கண்டன்ஸ்டு மில்க் ஊற்றி, மேலே சுண்டிய பால் சேர்த்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு இரண்டே தடவை ஆற்றிக் கொடுக்கிறார்கள். நம்மைப் போல ஒரு மீட்டர் இழுப்பதில்லை. பர்மாவில் டீ சொல்வதற்கே தனி மொழி இருக்கிறது. ‘ச்சோ செய்ன்’ என்றால் இனிப்பும் பாலும் தூக்கலாக, ‘ச்சா செய்ன்’ என்றால் துவர்ப்பும் பாலும் தூக்கலாக, ‘பொ ச்சா’ என்றால் இனிப்பு குறைத்து ஸ்ட்ராங்காக. சர்க்கரை பார்க்கிறவர்கள் மூன்றாவதைக் கேளுங்கள், அப்படியும் இனிப்பாகத்தான் இருக்கும். நான் ‘ச்சா செய்ன்’ ஆள். மூன்று வருஷத்தில் இந்த டீ ஒரு நாள்கூட தண்ணியாக இருந்ததில்லை. நான் இந்தக் கடையை மதிக்கிறதற்கு முதல் காரணமே அதுதான், ஏனென்றால் இந்தத் தேயிலை எப்படி வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஷான் மலையில் விளைகிற தூளைத்தான் கடைக்கார அக்கா வாங்குகிறார். அது லாரியில் மியாவாடி வரைக்கும் வந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். மியாவாடிக்கும் கொக்கரேக்குக்கும் நடுவே இருக்கும் ஆசிய நெடுஞ்சாலையில் சண்டை வந்தால் லாரி நிற்கும். 2025 பிப்ரவரி 5 அன்று அக்கரையில் இருக்கும் ஆன்லைன் மோசடிக் கும்பல்களை ஒடுக்க மியாவாடிப் பக்கத்துக்குப் போகும் மின்சாரம், டீசல், இன்டர்நெட் எல்லாவற்றையும் தாய்லாந்து நிறுத்தியது. அதே வருஷம் ஆகஸ்டில் பர்மா ராணுவ அரசு இரண்டாவது பாலத்தில் சரக்குப் போக்குவரத்தை மூடியது. ஒவ்வொரு தடவையும் தூள் விலை ஏறும். அக்கா மூன்று மாதத் தூளை வீட்டு அறையில் அடுக்கி வைத்திருக்கிறார், தீர்ந்துபோகிற நிலை வந்தால் தாய்லாந்துத் தூளைக் கலக்கிறாராம், ஆனால் பாதிக்கு மேல் கலக்க மாட்டாராம், கலந்தால் கடையை மூடிவிடலாம் என்கிறார். டீ 20 பாட்டாக இருந்தது, இப்போது 25. நான் பார்த்து அந்த ஒரே ஒரு விலையேற்றம்தான்.

மொஹிங்கா பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் போடுகிற அத்தோவும் மொய்ங்காவும் பேஜோவும் சாப்பிடாமல் அங்கே காலேஜ் படித்தவர் யார்? நானும் நான்கு வருஷம் அதைத்தான் சாப்பிட்டேன். இங்கே கிடைக்கிறது அதன் பிறந்த வீட்டுச் சமையல். கெளுத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு போட்டு, வறுத்த அரிசி மாவால் குழம்பைக் கெட்டியாக்கி, மெல்லிய அரிசி சேமியா மேல் ஊற்றுகிறார்கள். மேலே ஒரு முட்டை, சுரைக்காய் பஜ்ஜியை உடைத்துப் போட்டு, கொத்தமல்லி, மிளகாய்த் தூள், எலுமிச்சைத் துண்டு. சென்னையில் புளியும் பூண்டு எண்ணெயும் முன்னால் வந்து நிற்கும், இங்கே மீனும் எலுமிச்சைப்புல்லும் முன்னால் வருகின்றன. மிளகாயை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். வாழைத்தண்டு வெந்தும் கடிபட வேண்டும், இங்கே அது சரியாக இருக்கிறது. கிண்ணம் 40 பாட். பசி உள்ளவர்களுக்கு ஒன்று போதாது.

அப்புறம் பலாட்டா. பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும், நம் பரோட்டாதான். முளைகட்டி வேகவைத்த பட்டாணியை வெங்காயத்தோடு சேர்த்து மேலே போட்டுத் தருவார்கள். பரோட்டா மாஸ்டர் அறுபது வயதைத் தாண்டியவர், பர்மாத் தமிழர், மௌல்மீன் பக்கம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேச்சு அப்படியே நம் பாட்டன் காலத்துப் பேச்சு. முதல் நாள் நான் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். கல்லுக்குப் பின்னாலிருந்து நேராக வந்து நின்றார்.

“தம்பி எந்த ஊரு?”

“திருப்பூருங்க ஐயா.”

“யாரு கூட்டியாந்தா? ஆத்தைத் தாண்டப் போறியா? வேணாம். போகாத. பாஸ்போர்ட்டு யாரு கையில இருக்கு?”

என்ன கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பி பாங்காக் வந்து இறங்கிய நம் பையன்களை ஏஜென்ட்டுகள் கார் ஏற்றி இந்த ஊருக்குத்தான் கொண்டுவருகிறார்கள். இங்கே ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, இருட்டியதும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய், கேகே பார்க் மாதிரி வளாகங்களில் அடைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி, ஷாக். 2022 அக்டோபரில் 13 தமிழ்நாட்டு இளைஞர்கள் மீண்டு சென்னை வந்தது நினைவிருக்கும். 2025 மார்ச்சில் இந்த மே சோட் விமான நிலையத்துக்கே நம் விமானப்படை விமானம் வந்து 500க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிப்போனது. அதே 2025 அக்டோபரில் பர்மா ராணுவம் கேகே பார்க்குக்குள் புகுந்தபோது 1,500க்கும் மேற்பட்டவர்கள் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள், அதிலும் நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில். மாஸ்டருக்கு இந்தப் புள்ளிவிவரமெல்லாம் தெரியாது. தன் கடையில் பரோட்டா சாப்பிட்டுப் போன இரண்டு தமிழ்ப் பையன்கள் திரும்பி வரவே இல்லை என்பது தெரியும், அதிலிருந்து நம் முகஜாடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் கேட்டுவிடுகிறார். என் கம்பெனி அட்டையைக் காட்டிய பிறகுதான் அன்று எனக்கு இலை, சாரி, தட்டு வந்தது. வீட்டில் யாருக்காவது அந்த மாதிரி வேலை என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. அன்றும் ஊரில் இருந்தேன். அந்த மாதம் 11ஆம் தேதி மியாவாடியின் கடைசி ராணுவ முகாம் கரேன் படை கைக்குப் போயிருந்தது, மிச்சமிருந்த சிப்பாய்கள் இரண்டாவது பாலத்தின் அடியில் பதுங்கியிருந்தார்கள். விடிவதற்குள்ளேயே வெடிச்சத்தம். ஹோட்டல் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கடை இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். திறந்திருந்தது, அண்டாவில் மொஹிங்கா கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் மேசைக்குக் கொடுக்கவில்லை. “இன்னைக்கு டீ மட்டும்தான்,” என்றார் அக்கா. அன்று மட்டும் ஏறக்குறைய 3,000 பேர் ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். அண்டாவை அப்படியே ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றி, அக்காவும் இரண்டு பையன்களும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்டர் கல்லை விட்டு நகரவில்லை, பரோட்டாவாகப் போட்டுப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டே இருந்தார். நான் கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று காது கொடுத்துக் கேட்டார்கள், பிறகு பேசினார்கள். அடுத்த வாரத்துக்குள் ராணுவம் ஊரைத் திரும்பப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் போனபோது அதே மேசை, அதே டீ.

சர்வர் பையன்கள் அடிக்கடி மாறுகிறார்கள், அதனால் சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் பர்மாவில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்தியதிலிருந்து பதினெட்டு வயதைத் தொட்ட பையன்கள் கிளம்பி வந்துகொண்டே இருக்கிறார்கள். சில வாரம் இங்கே நின்று கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு தாய்லாந்துக்குள் வேறு ஊருக்கோ பாங்காக்குக்கோ போய்விடுவார்கள். இப்போது இருக்கிற பையன் பொறியியல் இரண்டாம் வருஷம் விட்டுவிட்டு வந்தவன். மதியம் கூட்டம் இல்லாதபோது தரையில் உட்கார்ந்து தாய் எழுத்து எழுதிப் பழகுகிறான்.

குறைகள் உண்டு. கழிப்பறை சரியில்லை, பெண்களோடு போனால் ஹோட்டலிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. சமோசா சாலட் போன வருஷத்திலிருந்து சுமார்தான், சமோசாவை முந்தின நாளே போட்டுவிடுகிறார்கள் என்று சந்தேகம். பலாட்டாவில் எண்ணெய் அதிகம். ஏப்ரலில் தகரத்தின் அடியில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. சைவம் கேட்டால் பட்டாணி பலாட்டாவும் டீயும்தான், மற்ற எல்லாவற்றிலும் மீன் சாஸ் இருக்கும், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

இப்போது பெயர் விஷயம். அக்கா ஸ்கூல் டீச்சராக இருந்தவர். 2021ல் ராணுவத்துக்குக் கீழே வேலை பார்க்க மாட்டோம் என்று வேலையை விட்டு இறங்கிய ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களில் ஒருவர். அவர் அம்மா இன்னும் அக்கரையில்தான் இருக்கிறார். கடையில் இருக்கிற ஆறு பேரில் எத்தனை பேரிடம் தாய்லாந்து வேலை அட்டை இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. போலீஸ் ஜீப் தெருமுனையில் தெரிந்தால் இரண்டு பேர் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள், ஜீப் போனதும் வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள். மேப்பில் கடையைப் போட்டு நட்சத்திரம் கொடுக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, டீ எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். இங்கேயும் சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதனால் தேட வேண்டாம். ரிம் மோய் சந்தைப் பக்கமும் ஊருக்குள் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியும் நல்ல பர்மா டீக்கடைகள் பல இருக்கின்றன, எதில் உட்கார்ந்தாலும் மேலே சொன்னபடி கேளுங்கள்.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், திரும்பும் வழியில் மலைப்பாதையில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆற்றங்கரையில் சிப்பாய்கள் நிற்கிற இடத்தில் படம் எடுக்காதீர்கள். கடையில் ரொக்கம்தான். காலை ஐந்தரைக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுகிறார்கள், மாதத்தில் பௌர்ணமி அன்று லீவு. தற்செயலாக அதே கடையில் போய் உட்கார்ந்து, ஒரு பெரியவர் வந்து “எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டால் ஊரைச் சொல்லுங்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மாவைத் தொடுவார்.