பெண்டுலம் கடிகாரத்துக்கு ஸ்பிரிங், எண்ணெய், கையேடு சேர்ந்த ‘செட்’ வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய பெண்டுலம் கடிகாரங்களைத் தாங்களே பிரித்துச் சரிசெய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். நன்றாக இருந்த ஒரு மெஷினை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்பதுதான் ஆறவில்லை.

வீடு மாற்றும்போது பெண்டுலத்தைக் கழற்றாமலே கடிகாரத்தைத் தூக்கிவிட்டார்கள். பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு, அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங், மடிந்து விரிசல் விட்டுவிட்டது. புதிது என்ன அளவில் வாங்குவது, பிரித்த கையோடு எந்த எண்ணெய் போடுவது என்று தேட ஆரம்பித்தேன். இதைத் தேடியவர்களுக்குத் தெரியும், ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுப்பார். தையல் மெஷின் எண்ணெயே போதும் என்பார் ஒருவர், அதைத் தொடவே கூடாது என்பார் இன்னொருவர். அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் இணையத்தில் ஒரு விற்பனையாளர் கண்ணில் பட்டார். அளவுப் பட்டியலோடு ஒரு கையேடு, ஒரு ஸ்பிரிங், ஒரு புட்டி ‘செயற்கைக் கடிகார எண்ணெய்’. தேடல் முடிந்தது என்று நிம்மதியாக வாங்கினேன்.

கையேட்டுப் பட்டியலில் என் வகைக் கடிகாரத்துக்கு 0.4 மி.மீ. தடிமன் என்று இருந்தது. வந்த ஸ்பிரிங்கும் அதே அளவுதான். மாட்டினேன். பழைய ஸ்பிரிங்கில், மெஷினோடு சேர்க்காமல் சும்மா ஆட்டிவிட்டாலே பெண்டுலம் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். புதியதில் கையால் தள்ளினால் பலகையைத் தள்ளுவது போல எதிர்த்தது, கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது.

அவருக்கு போன் செய்தேன். “சார், எண்ணெய் காய்ஞ்சிருக்கும். நம்ம எண்ணெய எல்லா இடத்துலயும் விடுங்க. சக்கரப் பல்லு, ஸ்பிரிங்கு, எதையும் விட்டுடாதீங்க” என்றார். ஸ்பிரிங் தடிமனாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “அது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்றார். அனுபவசாலி பேசுகிறார் என்று நம்பி அப்படியே செய்தேன்.

முன்பின் இருக்கக்கூடிய சமாச்சாரமா இது? ஒரு பக்கம் போக ஒரு நொடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் ஏறக்குறைய 994 மி.மீ. அதில் 1 மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ நாளொன்றுக்குச் சுமார் 43 நொடி வித்தியாசம் வரும். தகட்டின் விறைப்போ தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 8 மடங்கு. நான்கு மடங்கானால் 64 மடங்கு.

கடைசியில் ஒரு நண்பரின் மைக்ரோமீட்டரை வாங்கி, உடைந்த பழைய தகட்டை அளந்தேன். 0.10 மி.மீ. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 0.004 அங்குலம் என்பது ஏறத்தாழ 0.1 மி.மீ. அந்த ஆள் எங்கிருந்தோ அங்குலப் பட்டியல் ஒன்றை எடுத்து, புள்ளிக்குப் பின்னால் இருந்த பூஜ்ஜியங்களைத் தள்ளிவிட்டு, அங்குலம் என்ற இடத்தில் மி.மீ. என்று போட்டிருக்கிறார். 0.006 அங்குலம் 0.6 மி.மீ. ஆகியிருக்கிறது. வாங்குகிறவரும் அளந்து பார்க்க மாட்டார் என்ற தைரியம். இதைச் சொன்னதும், “பட்டியல்ல உள்ள அளவுதானே சார் அனுப்பினேன்” என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பணமும் திரும்பவில்லை.

சரியான 0.1 மி.மீ. தகடு வேறிடத்தில் கிடைத்து, கடிகாரம் ஓடவும் செய்தது. அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். எண்ணெயை மறந்தேன், அதுதான் என் தவறு. ஏழாவது மாதம் கடிகாரம் மறுபடி நின்றது.

முன்தகட்டைக் கழற்றியபோது, சக்கரங்களின் அச்சுமுனைகள் சுழலும் ஒவ்வொரு பிவட் துளையைச் சுற்றியும் பச்சை வளையம். கூர்செய்த மரக்குச்சியைத் துளைக்குள் விட்டுத் திருப்பினேன், கருப்பு மை போன்ற பசை ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தால், கண்ணாடி போல் மின்ன வேண்டிய அச்சுமுனை முழுக்கக் கீறல். புட்டியில் மீதியிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். பழைய சமையல் எண்ணெயின் சிக்கு வாடை. பித்தளைத் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டுச் சில வாரம் வைத்திருந்தேன். பிசினாக இறுகி, ஓரத்தில் அதே பச்சை. தாவர எண்ணெய் காற்று பட்டால் இறுகும், அதன் அமிலம் பித்தளையில் உள்ள செம்பைத் தின்று பச்சை பூக்கும். ‘செயற்கை’ என்று லேபிளில் அச்சடித்துவிட்டால் போதுமா? அதில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று காட்டும் பாகுநிலை எண் இல்லை, தேதி இல்லை. அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன இடங்களும் தவறு. சஸ்பென்ஷன் ஸ்பிரிங் வளைகிறதே தவிர எதனோடும் உரசுவதில்லை, அதற்கு எண்ணெய் எதற்கு? சக்கரப் பற்களும் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் தூசி ஒட்டி, அரைக்கும் பசையாகி, பல்லையே தின்றுவிடும். முக்கியமாக எண்ணெய் வேண்டிய இடங்கள் பிவட் துளைகள், ஆட்டத்துக்கு ஒரு பல்லாக நகரும் எஸ்கேப் சக்கரம் வந்து தட்டும் பேலட் என்ற கொக்கிகளின் முகங்கள், பெண்டுலத் தண்டைத் தள்ளும் கவை தொடும் இடம். பிவட்டைச் சுற்றியுள்ள குழியிலும் பாதிக்குச் சற்று மேல் நின்றால் போதும். வழிய விட்டால் தகட்டில் பரவி, துளையில் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல கடிகார எண்ணெய் வைத்த இடத்தில் சொட்டாக நிற்கும். மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம் என்பதும் அதனால்தான், அது நிற்காமல் ஓடிவிடும்.

எண்ணெயின் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் 1720-களில் இங்கிலாந்தின் பிராக்கிள்ஸ்பி பூங்காவுக்குச் செய்த கோபுரக் கடிகாரத்தில், இயல்பாகவே எண்ணெய்ப்பசை உள்ள லிக்னம் வைட்டே மரத்தை அச்சுத் தாங்கிகளுக்கு வைத்து எண்ணெயே தேவையில்லாமல் செய்தார். அன்றைய எண்ணெய்மீது அவருக்கு அவ்வளவு அவநம்பிக்கை. நான் லேபிளை நம்பினேன்.

உடைந்த ஸ்பிரிங்கைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள், சரியான அளவு உங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். மைக்ரோமீட்டரில் தடிமனையும், ஸ்கேலில் அகலத்தையும் இரண்டு பித்தளைப் பிடிகளுக்கு நடுவே உள்ள நீளத்தையும் எடுத்து, அந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு “உங்க கடிகாரம் என்ன வகை?” என்று மட்டும் கேட்பவரிடம் வாங்க வேண்டாம். பதிப்புரிமை முடிந்த பழைய கடிகாரப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முறையான எண்ணெய் நிறுவனங்கள் எந்த எண்ணெய் எந்த இடத்துக்கு என்று விவரத்தாளே வெளியிடுகின்றன. நான் காசு கொடுத்து வாங்கிய கையேட்டில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது மெஷின் ஒரு ரிப்பேர்காரரிடம் இருக்கிறது. மூன்று அச்சுமுனைகளை மறுபடி பாலிஷ் செய்து, தேய்ந்த இரண்டு துளைகளுக்குப் புஷ், அதாவது புது உள்வளையம், போட வேண்டும் என்கிறார். அந்தக் கையேடு புது அட்டையோடு மீண்டும் விற்பனைக்கு வந்திருப்பதை நேற்று பார்த்தேன். மாதிரிப் பக்கத்தில் அளவுப் பட்டியல் 0.4 மி.மீ. என்று தொடங்கி 1 மி.மீ. என்று முடிந்தால், அதே ஆள்தான்.