மஹிந்திரா தாரின் அடிப்பகுதி: நாலரை வருட அனுபவம்

2021 பிப்ரவரியில் டீசல் மேனுவல் மஹிந்திரா தார் ஜீப் எடுத்தேன். ஓடோமீட்டர் 58,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வீடு நீலாங்கரை. வாரநாட்களில் ஓஎம்ஆர் அலுவலகம், மாதத்தில் ஒரு ஞாயிறு உத்திரமேரூர் பக்கம் நண்பரின் நிலத்தில் பாறையும் செம்மண் சரிவும். காப்புக்காட்டிலோ ஏரிக்கரையிலோ வண்டியை ஏற்றுவதில்லை. கடற்கரை மணலிலும் இறக்குவதில்லை. ஜனவரி முதல் எங்கள் பக்கத்துக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், சக்கரம் ஏறினால் அத்தனையும் போச்சு.

வண்டிக்கு அடிபடாமல் இருக்க நான் செலவழித்ததில் பாதி தேவையில்லாதது. ஒரு பகுதி கெடுதலே செய்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். தாராளம்தான். ஆனால் பாறையில் முன்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும் நொடியில் ஆயில் பேனும் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தட்டு) கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) கல்லுக்கு நேராக வந்து நிற்கும். அதனால் மூன்றாவது மாதமே ஒரு பட்டறையில் 4 மில்லிமீட்டர் இரும்பில் ஸ்கிட் பிளேட், அதாவது அடிப்பகுதியைக் கல்லிலிருந்து காக்கும் தகடு, செய்து மாட்டினேன். அந்தக் கனத்தில் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோ வரும். கல்லில் 'கர்' என்று உரசும் சத்தம் கேட்கும்போது, நல்லவேளை மாட்டினோம் என்று நினைப்பேன். உண்மையிலேயே இரண்டு முறை ஆயில் பேனைக் காப்பாற்றியது.

எட்டு மாதம் கழித்து ஆயில் மாற்றப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தகட்டில் பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஓட்டை இல்லை, அதனால் முழுத் தகட்டையும் கழற்ற வேண்டும். எட்டு போல்ட்டில் மூன்று துருப்பிடித்து முறிந்தன. தகடு இறங்கியதும் ஒரு கூடை சேறு கொட்டியது. அதற்கு மேலே சேஸியின் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) குறுக்குச் சட்டத்தில் துரு செதில் செதிலாக உரிந்தது. எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிக் காய்ந்த புல் ஒரு கைப்பிடி. அது பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். மெக்கானிக் விரலால் துருவைச் சுரண்டிக் காட்டினார். "கல்லு ஒண்ணும் பண்ணல சார். உள்ள நின்ன ஈரச் சேறுதான் தின்னுடுச்சு."

அன்றிலிருந்து என் கணக்கு மாறியது. அதே தகட்டில் சேறு வடிய நீளவாட்டில் ஆறு திறப்புகள், டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வட்ட ஓட்டை வெட்டச் சொன்னேன். போல்ட்டுகளை மாற்றி, மரையில் செம்பு கிரீஸ் தடவினேன். பாறைப் பயணம் முடிந்த வாரமே தகட்டைக் கழற்றிக் கழுவுகிறேன், அரை மணி நேர வேலை. புதிதாகச் செய்கிறவர்கள் தகட்டின் கனத்தைக் கேட்பதற்கு முன்னால் திறப்பு எங்கே என்று கேளுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பகுதியில் அடிக்கும் கறுப்பு ரப்பர் பூச்சும் அப்படித்தான். ஈரமோ துருவோ இருக்கும்போது மேலே அடித்தால் உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி. என் வண்டியில் ஓர் இடத்தில் பூச்சைக் கிள்ளி இழுத்தபோது அடியில் பழுப்புத் தூளாக இருந்தது. இப்போது சுரண்டி, காயவைத்து, மெழுகு வகைப் பூச்சு அடித்து, வருடா வருடம் புதுப்பிக்கிறேன்.

கழுவுவதிலும் ஒரு சிக்கல். முதல் வருடம் மரக்காணம் உப்பளத்து ஓரமாக ஒரு முறை போய்ச் சேற்றோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் கழுவினேன், ஆனால் எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு! உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். இப்போது மழைநீர் சேமிக்கும் தொட்டியிலிருந்து சாதாரண ஹோஸில் மெதுவாக, சேஸியின் ஓட்டைகளுக்குள்ளும் விட்டு, வடியும் தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறேன். வாட்டர் வாஷ் துப்பாக்கியை அச்சு சீல், வயர் இணைப்புப் பக்கம் காட்டவே கூடாது, அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் அம்மாவை அழைத்துவரப் போக வேண்டியிருந்தது. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. நான் போனது அதற்குக் குறைவுதான், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அது மூச்சுவிடும் குழாயான பிரீதரின் வாய் தண்ணீருக்குள் இருந்தாலோ சேற்றில் அடைத்திருந்தாலோ அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். பத்து நாள் கழித்துப் பின் டிஃபரன்ஷியலைத் திறந்தால் ஆயில் பால் காபி நிறம். அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். பிரீதர் குழாயை மேலே நீட்டிக் கட்ட ஆன செலவு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. நான் போட்ட எல்லாவற்றிலும் நல்ல முதலீடு இதுதான் என்பேன். அப்புறம், தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகக் கொடுக்காது. இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

டயருக்கு நம் ஊரில் கல்லைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேலம். ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளை டயரின் பக்கச் சுவரில் குத்தினால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரே போச்சு. இரண்டு டயர் இப்படி இழந்தேன். காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் உப்பும், முள்ளுக்கு இன்னும் வாகாகிவிடும். அதனால் முள் காட்டில் காற்றைக் குறைப்பதில்லை; மணல் பாதையில் மட்டும் 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), தார் ரோடு ஏறும் முன் பழையபடி நிரப்பிவிடுவேன். முள் கீறிய கதவுகளுக்கு பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் மெல்லிய படலம்) ஒட்டினேன், பரவாயில்லை.

பக்கவாட்டுப் படியைப் பற்றிச் சுருக்கமாக: அழகுக்கு வாங்கிய படி ஒரு கல்லில் மடங்கி கதவின் அடிச்சட்டத்தையே நசுக்கியது. சேஸியில் போல்ட் செய்யும் ராக் ஸ்லைடர் (கல்லில் சறுக்கும் கனமான பக்கக் குழாய்) மட்டும்தான் வண்டியின் எடையைத் தாங்கும். முன்னால் இரும்பு புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் தடுப்புக் கம்பி) போடவே வேண்டாம், மாட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க 2017 இறுதியிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்றை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கி) மாட்டாதீர்கள். அது பிய்ந்து பறந்தால் ஆள் உயிருக்கே ஆபத்து.

போன வாரம் தகட்டைக் கழற்றியபோது குறுக்குச் சட்டத்தில் புதுத் துரு இல்லை. இடது பின் சக்கரத்துக்கு மேலே, பூச்சு எட்டாத மூலையில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைச் சுரண்டப் போகிறேன்.